பிந்தான் வார இறுதி கோல்ஃப்: 12 பேர், ஒரு வில்லா. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஈசூன் கணக்கர் (வியாழன், இரவு 10.40)

எல்லாருக்கும் வணக்கம். பழைய அலுவலகக் கூட்டாளிகளும் துணைவியருமாக 12 பேர் அக்டோபர் முதல் வாரக் கடைசியில் கோல்ஃப் பயணம் கிளம்புகிறோம். வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு திரும்ப வேண்டும். தனித்தனி ஹோட்டல் அறை வேண்டாம், நீச்சல் குளத்தோடு ஒரே வில்லாவாக எடுத்து ஒன்றாகத் தங்கலாம் என்று பேசி முடித்தாயிற்று. மரினா பே பொது மைதானம் 2024 ஜூனில் மூடியதிலிருந்து, எந்த கிளப்பிலும் உறுப்பினராக இல்லாத எங்களுக்கு இங்கே சிங்கப்பூரில் 18 குழி (ஒரு முழு ஆட்டம்) ஆட இடம் தேடுவதே பெரும்பாடு. அதனால் கடல் தாண்டுவது உறுதி.

எங்கே என்பதில்தான் சண்டை. எனக்கு இந்தோனேசியத் தீவு பிந்தான் பிடிக்கிறது. ஒருவர் பக்கத்துத் தீவு பாத்தாம்தான் மலிவு என்கிறார். இன்னொருவர் மலேசியாவின் டெசாருவுக்குக் காரிலேயே போய்விடலாம் என்கிறார்.

ஆடுகிறவர்கள் 8 பேர். அதில் 3 பேர் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) பந்து அடித்ததோடு சரி, மைதானத்தில் கால் வைத்ததில்லை. மீதி 4 பேர் துணைவியர், அவர்கள் ஆட மாட்டார்கள். என் திட்டம்: சனி காலை 18, சனி மதியம் 18, ஞாயிறு காலை 18. மொத்தம் 54 குழி. காசு கொடுத்துப் போகிறோம், ஆடிவிட்டு வரலாமே. வில்லா பிடிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பிடோக் ராஜாளி (வியாழன், இரவு 11.15)

தம்பி, 54 குழியா? உங்களுக்கு என்ன கோபம் அவர்கள் மேல்?

முதல் விஷயம் நேரம். பிந்தான் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். இங்கே அக்டோபரில் 7 மணிக்குக் கொஞ்சம் முன்னால் சூரியன் விழுகிறது, அங்கே கடிகாரத்தில் அது 6 மணிக்கு முன்னாலேயே விழுந்துவிடும். காலை 7 மணிக்கு முதல் பந்து அடித்தால், நன்றாக ஆடுகிற நாலு பேருக்கே நாலரை மணி நேரம் ஆகும். புதியவர்கள் இருந்தால் ஐந்தரை. சோறு சாப்பிட்டு மறுபடி முதல் பந்து அடிக்கும் இடத்தில் நிற்கும்போது மணி ஒன்றரை. 15வது குழியில் பந்தையும் காணோம், ஆளையும் காணோம் என்று கைபேசி விளக்கில் தேடுவீர்கள்.

இடத்தைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். கண் சொக்குகிறது.

மட்டை பிடிக்காதவள் (வெள்ளி, காலை 7.50)

தூக்கம் கலைந்ததும் இதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். அந்த "மீதி 4 பேர்" சார்பில்.

போன வருடம் இதே மாதிரி ஒரு பயணம் போனோம். கணவர்மார் விடிகாலை போனார்கள், மதியம் ஒன்றரைக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், கூடத்திலேயே குறட்டை விட்டார்கள், எழுந்து பந்தைப் பற்றிப் பேசினார்கள். நாங்கள் இரண்டு நாளும் அந்த வில்லாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடற்கரைக்குப் போக வண்டி கிடையாது. இருந்த ஒரே வேன் மைதானத்தில் நின்றது. சமைக்க வேண்டாம் என்றார்கள், ஆனால் தேநீர் யார் போட்டது? 12 பேருக்கு, நாலு வேளை.

ஆகவே அண்ணே, இரண்டாவது வண்டி ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். அது எங்களுக்கு. மைதானத்துக்குப் போகக் கூடாது. இதை முதலில் எழுதிவிட்டு அப்புறம் 54 குழியைப் பற்றி யோசியுங்கள்.

ஈசூன் கணக்கர் (வெள்ளி, காலை 9.05)

அக்கா, என் மனைவி இதை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். இரண்டாவது வண்டி உறுதி.

பிடோக் ராஜாளி (வெள்ளி, மதியம் 12.30)

சொன்னபடி இடம் பற்றி. மூன்றிலும் ஆடியவன் என்ற முறையில்.

டெசாருவில் மைதானம் அருமை. எர்னி எல்ஸ் வடிவமைத்தது. கடலோர மைதானம் 27 குழி, பள்ளத்தாக்கு மைதானம் 18. இரண்டாவதில் விஜய் சிங்கும் சேர்ந்து வேலை செய்தார். ஃபிஜியில் பிறந்த நம்மாள், 2000ல் மாஸ்டர்ஸ் ஜெயித்தவர் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேர வித்தியாசமும் கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்லண்ட்ஸ் பாலம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். காரில் முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் இங்கிருந்து வெளியே விட மாட்டார்கள். மலேசிய வாகன நுழைவு அனுமதி இல்லாவிட்டால் 2025 ஜூலையிலிருந்து அபராதம். அப்புறம் மட்டைப் பை கணக்கு. சாதாரணக் காரின் பின்பெட்டியில் இரண்டு பை போட்டால் துணிப்பெட்டிக்கு இடமில்லை. 8 பை, 12 பேர் என்றால் நாலு கார். நாலு ஓட்டுநர்கள் இரவில் குடிக்காமல் இருக்க வேண்டும். உங்கள் கூட்டத்தில் அப்படி நாலு பேர் இருக்கிறார்களா?

பாத்தாமில் மைதானங்கள் அதிகம், போகவும் சுலபம். நொங்சா பக்கம் இறங்கினால் பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்திலேயே, 27 குழி. ஆடிவிட்டு அன்றே திரும்புகிறவனுக்கு அதுதான் சரி. இரண்டு இரவு தங்கி வில்லாவையும் அனுபவிக்க வேண்டும் என்றால் பிந்தான்.

பிந்தானில் வடகரையில் விடுதிகள் இருக்கிற லாகோய் பக்கத்தில் இரண்டு மைதானம். ரியா பிந்தான், கேரி பிளேயர் வடிவமைத்தது: கடலோரம் 18, காட்டுக்குள் 9. லகுனா, கிரெக் நார்மன் வடிவமைத்தது, 18. தானா மேரா முனையத்திலிருந்து ஒரு மணி நேரப் படகு. தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 35ம் எண் பேருந்து முனையம் வரைக்கும் போகும். மட்டைப் பையோடு அதில் ஏறி, ஒரு பாட்டியின் முழங்காலை இடித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனவன் நான். நீங்கள் டாக்சி பிடியுங்கள்.

சனிக்கிழமை 18, ஞாயிறு அந்தக் காட்டுப் பக்கம் 9. போதும்.

மூன்றாம் மாடி (வெள்ளி, மதியம் 1.10)

நான் இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, வேலை அனுமதியில் இருக்கிறேன், இந்தியக் கடவுச்சீட்டு. எங்கள் குழுவும் இப்படி ஒன்று திட்டமிடுகிறது. பிந்தானுக்கு விசா வேண்டுமா ண்ணா? கூட வருகிற சிங்கப்பூரர்கள் "சும்மா வா" என்கிறார்கள்.

தெம்பனிஸ் தென்றல் (வெள்ளி, மதியம் 1.45)

அவர்களுக்கு சும்மா, உங்களுக்கு இல்லை. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு வந்திறங்கியதும் எடுக்கும் விசா உண்டு, 5 லட்சம் ரூப்பியா. இணையத்திலேயே முன்கூட்டி எடுத்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். சிங்கப்பூர் நிரந்தரவாசிகளுக்கு 2025லிருந்து பாத்தாம், பிந்தான், காரிமுன் தீவுகளுக்கு மட்டும் 4 நாள் விசா இல்லாமல் போகலாம் என்று வந்திருக்கிறது. எல்லாருக்கும் கடவுச்சீட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.

கணக்கர் அண்ணே, ஒரு யோசனை. 12 பேரின் கடவுச்சீட்டுத் தேதியையும் இன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் முனையத்தில் பெட்டியெல்லாம் கொடுத்த பிறகுதான் தேதியைப் பார்த்தார். ஐந்து மாதம், மூன்று வாரம். அவர் திரும்பிப் போனார், அவருடைய மட்டைகள் மட்டும் பிந்தானுக்குப் போய் வந்தன.

சிராங்கூன் சமையல் (வெள்ளி, மாலை 6.20)

யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லையே! அக்டோபர் முதல் சனி என்றால் புரட்டாசிச் சனி. 12 பேரில் எத்தனை பேர் கவிச்சி தொட மாட்டார்கள் என்று கேட்டீர்களா?

வில்லாவில் சமையல்காரர் இருப்பார். நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் "சைவம்" என்று நாம் சொல்வது அவர்களுக்கு "மேலே இறைச்சித் துண்டு இல்லை" என்றுதான் போய்ச் சேரும். எங்களுக்கு ஒரு தடவை கங்கோங் கீரை வந்தது. பச்சையாக, பளபளவென்று, பூண்டு வாசத்தோடு. என் மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு "என்னடி, கருவாட்டு வாடை" என்றார். கீழே தெராசி. நாம் பெலாச்சான் என்போமே, அந்த இறால் விழுதேதான், இந்தோனேசியாவில் தெராசி. மாமியார் அன்று முழுக்க வாழைப்பழம்தான்.

அதனால் செய்தி அனுப்பும்போது "சாயூர்" (காய்கறி) என்று மட்டும் எழுதாதீர்கள். "தன்பா டாகிங், தன்பா இக்கான், தன்பா தெராசி" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், இறால் விழுது இல்லாமல். முட்டையும் ஆகாது என்றால் "தன்பா தெலூர்". தேக்காவில் (லிட்டில் இந்தியா) வெள்ளி காலையே புளியோதரைப் பொடியும் ஊறுகாயும் வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு வேளை தப்பிக்கலாம்.

மழைக்காகம் (வெள்ளி, இரவு 9.00)

அக்டோபர் என்கிறீர்கள். சரி. நவம்பரில் வைக்கவில்லையே, அதுவரைக்கும் நல்லது. இடி மின்னல் நம் பக்கம் ஏப்ரல், மே, நவம்பரில்தான் அதிகம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. படகில் போனால் வயிறு வாய்க்கு வரும்.

எந்த மாதமானாலும் மதியத்தில் மழை வரலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் மின்னல் எச்சரிக்கை ஊதல் அடித்தால் நடுவில் "இந்த ஒரு பந்து" என்று நிற்காதீர்கள். கையில் இருப்பது இரும்புக் கம்பி. சனிக்கிழமை எட்டு பேரையும் காலை முதல் நேரத்திலேயே போடச் சொல்லுங்கள். மழை வந்தாலும் 14 குழியாவது முடிந்திருக்கும்.

நனைந்த காலணியை வெளியில் வைக்காதீர்கள். அந்தக் காற்றில் காயவே காயாது. பழைய தமிழ் முரசு நாளிதழ்த் தாளைக் கசக்கி உள்ளே திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாற்றினால் விடிவதற்குள் போடுகிற பதத்துக்கு வந்துவிடும்.

ஈசூன் கணக்கர் (சனி, காலை 10.10)

இத்தனை விஷயமா! சரி, பிந்தான். சனி 18, ஞாயிறு 9. மனைவி, மக்கள், மழை எல்லாரும் சேர்ந்து 54ஐ 27 ஆக்கிவிட்டீர்கள்.

வில்லா இரண்டு பார்த்திருக்கிறேன். ஒன்று லாகோய்க்குள். இன்னொன்று கிழக்கே திரிக்கோரா கடற்கரைப் பக்கம், இதன் பாதி விலைதான், படத்தில் குளம் பெரியதாக இருக்கிறது. மனம் அதன் பக்கம் சாய்கிறது.

தெம்பனிஸ் தென்றல் (சனி, காலை 10.25)

சாய வேண்டாம்! நாங்கள் அந்தப் பக்கம் எடுத்துப் பட்டவர்கள். கடற்கரை அழகு, சந்தேகமில்லை. ஆனால் "மைதானத்துக்கு அருகில்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல். 7 மணிக்கு முதல் பந்து என்றால் நாலே முக்காலுக்கு எழுந்தோம். ஐந்து அறைக்கு இரண்டு குளியலறை, அதில் ஒன்றில் தண்ணீர் நூல் மாதிரி. பத்து பேர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் வரிசையில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. முன்பணத்தையும் திருப்பித் தரவில்லை, அது வேறு கதை.

படத்தில் குளத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை குளியலறை, மைதானத்துக்கு எத்தனை நிமிடம். இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லாகோய்க்குள் எடுத்தால் ஆடாதவர்களும் தாங்களாகவே கடற்கரைக்கும் கடைக்கும் போக முடியும். மட்டை பிடிக்காதவள் அக்கா கேட்டதும் அதுதான்.

பிடோக் ராஜாளி (சனி, மாலை 5.40)

போட்டி எப்படி வைக்கிறீர்கள்? எட்டு பேர் என்றால் இரண்டு ஃப்ளைட், அதாவது நாலு நாலு பேராக இரண்டு குழு. பாதிப் பேருக்கு ஹேண்டிகேப் (திறமைக்கு ஏற்ற அடிச் சலுகை) இருக்காது. சிஸ்டம் 36 போடுங்கள், நாங்கள் எப்போதும் அதுதான். பார் (குழிக்கு விதித்த அடி எண்ணிக்கை) அல்லது அதற்குக் குறைவாக அடித்தால் 2 புள்ளி, போகி (ஒரு அடி கூடுதல்) 1, அதற்கு மேல் பூஜ்யம். கூட்டி 36லிருந்து கழித்தால் அன்றைய ஹேண்டிகேப். யாரும் ஏமாற்ற முடியாது.

தெம்பனிஸ் தென்றல் (சனி, மாலை 6.30)

அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். மைதானத்தின் பார் 72, நன்றாக ஆடுகிறவர் 6 பார், 8 போகி, 4 டபுள் போகி (இரண்டு கூடுதல்), மொத்தம் 88 என்று வையுங்கள். புள்ளி 20, ஹேண்டிகேப் 16, அதைக் கழித்த நெட் 72. புதியவர் தட்டுத் தடுமாறி 2 பார், 6 போகி, மீதி 10 குழியிலும் டிரிபிள் (மூன்று கூடுதல்) போட்டு 108. புள்ளி 10, ஹேண்டிகேப் 26, நெட் 82. பூஜ்யத்துக்குக் கீழே புள்ளி போகாது, அதனால் மூன்று அடி கூடினாலும் எட்டு அடி கூடினாலும் ஒரே கதி. பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, புதியவன் கடைசியில்தான் வருவான். முதல் முறை மைதானம் பார்க்கிற மூன்று பேரை 18 குழியும் தனியாக அடிக்க விட்டால் அடுத்த பயணத்துக்கு வர மாட்டார்கள்.

ஸ்க்ராம்பிள் வையுங்கள். நாலு பேர் ஒரு அணி. நாலு பேரும் அடிப்பார்கள், எது நன்றாக விழுந்ததோ அந்த இடத்திலிருந்து மறுபடி நாலு பேரும். குழிக்குள் போகும் வரை இப்படியே. அணிக்கு ஒரு கணக்குத்தான். ஒரே ஒரு விதி சேருங்கள்: ஒவ்வொருவரின் டீ ஷாட்டையும் (குழியின் முதல் அடி) குறைந்தது 3 குழிகளிலாவது எடுத்தாக வேண்டும். அப்போதுதான் புதியவன் அடிக்கும்போது மற்ற மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அதில் ஒரு சுகம் இருக்கிறது. நேரமும் மிச்சம். காட்டில் பந்து தேட 3 நிமிடம்தான் என்று 2019லேயே விதி மாறிவிட்டது, அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பிடோக் ராஜாளி (சனி, மாலை 6.50)

கணக்கு சரிதான். இருபது வருடமாக நான் ஜெயித்துக்கொண்டிருந்த ரகசியம் இப்போதுதான் புரிகிறது.

மூன்றாம் மாடி (சனி, இரவு 8.15)

இடையில் ஒரு சின்னக் கேள்வி. திரும்பும்போது ஒரு பாட்டில் வாங்கி வரலாமா? வெள்ளி போய் ஞாயிறு வருகிறோம்.

மழைக்காகம் (சனி, இரவு 8.40)

48 மணி நேரமாவது வெளியில் இருந்தால்தான் வரியில்லாத மது. வெள்ளி சாயங்காலம் 6 மணிக்குப் புறப்பட்டு ஞாயிறு 5 மணிக்கு வந்தால் 47. ஒரு மணி நேரத்தில் கோட்டை விடுவீர்கள். ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) சலுகையும் அப்படித்தான், 48 மணிக்குக் குறைந்தால் 100 வெள்ளி (டாலர்) மதிப்புள்ள பொருள் வரைக்கும்தான், 48 ஆனால் 500; வேலை அனுமதியில் இருக்கிற உங்களுக்கு அந்த ஜிஎஸ்டி சலுகை கிடையாது. புது டிரைவர் மட்டை வாங்குகிற எண்ணம் இருந்தால் யோசித்து வாங்குங்கள். சிகரெட்டுக்குச் சலுகையே கிடையாது.

பிடோக் ராஜாளி (ஞாயிறு, காலை 8.00)

கடைசியாக ஒன்று. பிந்தான் வடகரையில் கைபேசி சில நேரம் சிங்கப்பூர் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். நேரம் தானாக மாறிவிடும். ஐந்தரைக்கு அலாரம் வைத்துப் படுத்தேன். எழுந்து குளித்து, காலணி போட்டு, வாசலில் நின்றால் ஒருவரையும் காணோம். வானம் கரிக்கட்டை. காவலாளி வந்து "பாக் (ஐயா), நாலரை மணி" என்றார். ஒரு மணி நேரம் கொசுவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

நம் கடிகாரம் 1982ல்தான் மலேசியாவோடு சேர்ந்து அரை மணி முன்னால் போனது. அதற்கு முன்னால் இந்தத் தொல்லை பாதிதான். என்ன செய்ய. கைபேசியில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய சாவி கொடுக்கிற அலாரம் ஒன்று வாங்குங்கள்.

ஈசூன் கணக்கர் (ஞாயிறு, காலை 9.30)

வாங்கிவிடுகிறேன் அண்ணே. லாகோய் வில்லாவை எடுத்துவிட்டேன், ஆறு அறை, ஆறு குளியலறை, எழுத்தில் இருக்கிறது. ஆளுக்கு 100 வெள்ளி முன்பணம் பேநவ் பணமாற்று வழியாக. இதுவரை வந்தது மூன்று பேரிடமிருந்து. பயணத்திலேயே கஷ்டமான குழி இதுதான் போலிருக்கிறது.

ஈசூன் கணக்கர் (ஐந்து வாரம் கழித்து, திங்கள், இரவு 9.20)

போய் வந்துவிட்டோம். சுருக்கமாக.

ஸ்க்ராம்பிள்தான் வைத்தோம். கடலோரக் குழி ஒன்றில் எங்கள் அணியில் மூன்று பேரும் பந்தைக் கடலுக்குக் கொடுத்தோம். நாலாவது ஆள், மைதானமே பார்க்காதவர், கண்ணை இறுக்கிக்கொண்டு ஒரு அடி. பந்து தரையிலேயே உருண்டு, பாறையில் பட்டு, துள்ளி, குழியைச் சுற்றியிருக்கும் கிரீன் புல்தரை ஓரத்தில் போய் உட்கார்ந்தது. அதையே எடுத்தோம். அந்தக் குழியில் பார். மறுநாளிலிருந்து அவர் எங்களுக்கு மட்டை பிடிப்பது எப்படி என்று சொல்லித் தருகிறார்.

12வது குழியில் நாங்கள் பந்தைக் குழிக்குள் உருட்டிக்கொண்டிருந்தபோது பக்கி வண்டியில் வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. தேக்காவில் வாங்கிய முறுக்கு. மேலே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றதை எங்களுக்கு உதவ வந்த கேடி அம்மா படம் பிடித்துத் தந்தார்.

சனி சாயங்காலம் சமையல்காரர் தெராசி இல்லாமல் செய்த கத்திரிக்காயை எல்லாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். துணைவியர் நாலு பேரும் அவர்கள் வண்டியில் போனவர்கள் நாங்கள் திரும்பின பிறகும் வரவில்லை. தேநீர் நாங்களே போட்டுக்கொண்டோம்.

முன்பணம் இன்னும் ஒருவர் தரவில்லை. பெயர் சொல்லவில்லை, அவரும் இதைப் படிக்கிறார்.

ராஜாளி அண்ணே, முஸ்தபா கடையில் சாவி கொடுக்கிற அலாரம் வாங்கிப் போனேன். இரண்டு நாளும் சரியாக அடித்தது. வரும்போது வில்லாவில் மறந்துவிட்டு வந்துவிட்டேன். இன்று காலை அங்கிருந்து செய்தி: கட்டிலுக்கு அடியில் ஏதோ ஒன்று விடிகாலை ஐந்தரைக்கு அடிக்கிறது, எப்படி நிறுத்துவது?